செலஸ்டின் அண்ணன் வாங்கிய ராகி

மலேசியாவின் கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவுக்கு எங்களை ஏற்றிச்செல்லும் தொழிற்சாலை பஸ்ஸைப் பதினெட்டு வருடமாக ஓட்டியவர் செலஸ்டின் அண்ணன். ஐம்பத்திரண்டு வயது, இனிப்பு நீர் என்கிற சர்க்கரை நோய் வேறு. மாத்திரை என்றாலே முகத்தைச் சுளிப்பார். "ராகிக் கஞ்சி குடிங்கண்ணே, சீனி இறங்கும்," என்று சும்மா இருக்காமல் சொன்னது நான்தான்.

அந்த மனுஷன் பெண்டாங் சந்தையில் ஒரு மலாய்க்கார அம்மாவிடம் போய் ராகி கேட்டிருக்கிறார். மலாய்மொழியில் ராகி என்றால் சோற்றைப் புளிக்கவைத்துத் தாப்பாய் என்ற பலகாரம் செய்கிற பூஞ்சை மாவு. அந்த அம்மா கொடுத்த வெள்ளை வில்லைகளை அண்ணன் கேழ்வரகுக் கட்டி என்று நம்பி மிக்ஸியில் அரைத்து, மூடியைத் திறந்து, மூக்கெல்லாம் தூள் ஏறித் தும்மித் தள்ளினார். அவர் மனைவி ஃபெலிசியா அக்கா சொல்லிச் சொல்லி, பஸ்ஸே ஒரு வாரம் சிரித்தது. பிறகு அசல் ராகியே வாங்கி, குலா மெலாக்கா வெல்லத்தைத் தாராளமாகப் போட்டுக் குடித்தார். மாத்திரையை அடியோடு விட்டுவிட்டார். அதை யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் வாரம் மூக்கடைப்பு. சைனஸ் என்றார். அடுத்து வலது கன்னம் மரத்து, கண் வீங்கி, இமை தொங்கியது. மூக்கைச் சிந்திய கைக்குட்டையில் கறுப்பாக வந்ததைப் பார்த்த அக்கா, என்னையும் கூட்டிக்கொண்டு அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனார்.

டாக்டர் ரூபினி சுற்றிவளைக்கவில்லை. "பூஞ்சை, அங்கிள். கண்ண இன்னைக்கே எடுக்கணும். இல்லன்னா மூளைக்குப் போயிடும்."

"அந்த ராகியாலயா?" என்றேன்.

"சொல்ல முடியாது. இதோட வித்து காத்துலயே இருக்கு, தூங்கிக்கிட்டு. சீனி கிடைச்சா முழிச்சு, ஊதி, முளை விடும். அங்கிள் ரத்தத்துல சீனி இருபத்தெட்டு. ஆறு, ஏழுதான் இருக்கணும்."

"அப்ப சீனிய இறக்குங்க டாக்டர். பட்டினி கிடந்து செத்துடும்லா?" அண்ணன் பேரம் பேசினார்.

"இறக்கத்தான் போறோம். அது மட்டும் பத்தாது. சீனி நிறைய இருந்தா ஒரு வாசல் வழியா இழுக்கும். குறைஞ்சா வேற வாசலத் திறந்து, கொஞ்சத்தையும் விடாம இழுக்கும்."

ஒற்றைக் கண்ணோடு பஸ் ஓட்ட யாரும் விடமாட்டார்கள். ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்து கேட்டு நீட்டிய தாளை அண்ணன் தள்ளிவைத்தார். "நாளைக்குப் போடறேன்லா. ஒரு நாள்தானே." எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அறைந்திருப்பேன். அக்கா காலைப் பிடித்துக் கெஞ்சியும் அவர் அசையவில்லை.

மறுநாள் காலை மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். திரும்பி வந்ததும் அண்ணன் தானாகவே பேனா கேட்டார். "எடுத்துடுங்க டாக்டர். கண்ணு போனா போகட்டும்."

டாக்டர் தாளை நீட்டவில்லை.

"அது நேத்து போட வேண்டிய கையெழுத்து, அங்கிள்," என்றார்.