செல்லு வளர்த்த கதை

போன வாரம் திருவள்ளூரில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தேன். கூட வேலை செய்கிறவளின் தங்கைக்குக் கல்யாணம். மொய் எழுதிவிட்டுப் பந்திக்குப் போகிற வழியில் ஐஸ்கிரீம் கடை போட்டிருந்தார்கள். கழுத்து குறுகிய அலுமினியக் கேனைச் சாய்த்து ஒருவர் பாத்திரத்தில் எதையோ ஊற்றினார். வெள்ளைப் புகை மேஜையைத் தாண்டி வழிந்து என் கால்வரை வந்தது. பிள்ளைகளெல்லாம் குதித்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஐஸ்கிரீமைப் பார்த்து அழுகிற பெரிய மனுஷியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். புகை கண்ணில் பட்டுவிட்டது என்று சமாளித்தேன். அது எரிகிற புகையே இல்லை, வெறும் குளிர்.

அந்தக் கேன் எனக்குப் பழக்கமானது. உள்ளே இருப்பது திரவ நைட்ரஜன். சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் என் செல்களெல்லாம் அதற்குள்தான் உறைந்து கிடந்தன. எலியின் கருவிலிருந்து, அது கருவாகத் தொடங்கிய காலத்திலேயே எடுத்த ஸ்டெம் செல்கள். அந்த வயதில் ஒரு செல்லுக்கு இன்ன வேலை என்று ஆகியிருக்காது. தோலாகவும் போகலாம், நரம்பாகவும் போகலாம். அதை இதயத் தசையாக மாற வைப்பதுதான் என் ஆராய்ச்சி.

எங்கள் ஊர் ஆரம்பாக்கம். நைனாவுக்குக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேலை. காற்றைக் குளிரவைத்து நைட்ரஜனைப் பிரித்து டேங்கர் லாரியில் ஏற்றுகிற ஆலை. ஊரில் அதற்குக் காத்துக் கம்பெனி என்று பெயர். தாத்தா காலம்வரை அடுத்தவர் கழனியில் கூலிக்கு இறங்கிய குடும்பம் எங்களுடையது. மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நைனாதான். எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு நைட்ரஜன் அவருடைய ஆலையிலிருந்துதான் வருகிறது என்று தெரிந்த நாளிலிருந்து அவரைப் பிடிக்க முடியவில்லை. சூளூர்ப்பேட்டை ரயில் வண்டியில் எதிரில் உட்கார்ந்த எல்லாரிடமும் சொல்வார்: "நான் காத்து விக்கிறேன், எம் பொண்ணு செல்லு வளக்குது."

வந்தது வினை. ஊரில் கெட்டுப்போன செல்போன்களெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தன. படித்த பெண், பார்த்துக் கொடுக்கும் என்று. அம்மாவின் கவலை வேறு. எங்கள் வீட்டு வாசல் நிலையைக் கறையான் தின்றுகொண்டிருந்தது. அதையும் நாங்கள் செல்லு என்றுதான் சொல்வோம். "ஊட்ல கீற செல்லு பத்தாதா? இத வளக்கறதுக்கு மெட்ராசுக்கு வேற போவணுமா?" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் அங்கலாய்த்தாள். நான் இட்லிக் குண்டானின் மூடியைத் தூக்கி, அடியில் தொங்கும் நீர்த்துளிகளைக் காட்டி, இப்படித் தொங்கவிட்ட துளிக்குள்தான் செல்களெல்லாம் சேர்ந்து உருண்டையாகும் என்று விளக்கினேன். இட்லி ஆறிப்போகிறது என்றாள் அம்மா.

ஒருநாள் ஆலையிலேயே நைனாவுக்கு நெஞ்சுவலி வந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயத்தில் ஒரு பக்கத்துத் தசை செத்துவிட்டது, செத்தது திரும்ப வளராது, பார்த்து நடந்துகொள்ள வேண்டும் என்றார் டாக்டர். நைனா அசரவே இல்லை. அதைத்தான் என் பெண் வளர்க்கிறாள் என்று அவரிடமே சொல்லிவிட்டார். டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகு என் வேலையின் ருசியே மாறிவிட்டது. அதுவரை அது ஆராய்ச்சி. அப்புறம் அது நைனாவின் நெஞ்சு. ஸ்டெம் செல்களை எதுவாகவும் மாறாமல் அப்படியே வைத்திருக்க ஒரு மருந்து ஊற்றுவோம். அதை நிறுத்திவிட்டால் அவை ஏதாவது ஒன்றாக மாறத் தொடங்கும். நானும் நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன். எதெதுவாகவோ மாறும், இதயமாக மட்டும் மாறாது. வீட்டுக்கு வந்ததும் நைனா கேட்கிற முதல் கேள்வி, ஆச்சா என்பதுதான். இல்லை என்று தலையாட்டிவிட்டுக் கைகால் கழுவப் போய்விடுவேன்.

ஒருநாள் காலை மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். தட்டின் ஓரத்தில் கடுகளவு கூட இல்லாத ஒரு திட்டு தானாகச் சுருங்கி விரிந்துகொண்டிருந்தது. யாரும் தொடவில்லை, தூண்டவில்லை. செல்போனைக் கண்ணாடிக்கு மேல் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு வண்டி எண்ணூரைத் தாண்டவே யுகமானது.

நைனா போனைத் தூரத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"துடிக்குதே, பாப்பா. வலிக்குதா அதுக்கு?"

எனக்கு முதலில் புரியவில்லை. இதயமும் துடிக்கிறது, அடிபட்டவனும் துடிக்கிறான். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தானே. இத்தனை வருஷம் அந்தச் சொல்லையே கட்டிக்கொண்டு அழுத எனக்கு அது தோன்றியதே இல்லை. நரம்பு கிடையாது, வலிக்காது என்றேன்.

"எனக்கு வெக்கறப்பவும் வலிக்காதில்ல?"

"இது எலியோடது நைனா. ஆளுக்கு வர்றதுக்கு இன்னும் நாளாவும்."

"ஆவட்டும். நான் எங்க போவப்போறேன்" என்றார். போனைத் திருப்பித் தராமல் இன்னொரு தடவை போடச் சொன்னார்.

மழைக்காலம் முடிகிற சமயம். சாயங்காலம் என்னை அழைத்துப்போக ஸ்டேஷனுக்கு வந்த நைனா சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். நான் வண்டியைவிட்டு இறங்கும்போது பெஞ்சைச் சுற்றிக் கூட்டம். கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். அவர் கையில் எனக்காக வாங்கிய வேர்க்கடலைப் பொட்டலம் இன்னும் சூடாக இருந்தது.

வீட்டுக்கு வந்த எல்லாரும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "துடிக்காம போனாரு. குட்த்து வெச்சவரு." ஆறுதலுக்காகச் சொன்னார்கள், தெரியும். ஆனால் ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்தக் கழுத்தில் வைத்த விரல்தான் ஞாபகத்துக்கு வந்தது. துடிக்காததுதானே அங்கே குறை.

ஆய்வுத் திட்டம் முடிந்தது, நீட்டிப்பு வரவில்லை. கேனுக்கு நைட்ரஜன் ஊற்றுவதை நிறுத்தினார்கள். உறைந்திருந்த செல்களும் சத்தமில்லாமல் போயின. வீடியோ இருந்த போனும் ஒருநாள் விழித்துக்கொள்ளவில்லை. இப்போது அதே தொழிற்பேட்டையில் ஒரு மருந்துக் கம்பெனியில் மாத்திரைகளைச் சோதித்துப் பார்க்கிறேன். நல்ல வேலைதான். நான் சோதிக்கிற எதுவும் துடிப்பதில்லை. கெட்டுப்போன போனை எடுத்துக்கொண்டு ஊரில் யாரும் இப்போது எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. வாசல் நிலையைக்கூட இரும்பில் மாற்றிவிட்டோம்.

நைட்ரஜன் எங்கேயிருந்து வருகிறது என்று ஐஸ்கிரீம்காரரைக் கேட்டேன். கும்மிடிப்பூண்டி என்றார். கப்பைக் கையில் வைத்துக்கொண்டு புகை அடங்கும்வரை நின்றேன். கண்ணுக்கே தெரியாத ஒரு திட்டைப் பார்த்து அதற்கு வலிக்குதா என்று கேட்க ஒருவர் இருந்தார். அந்தப் பெஞ்சில் அவருக்கு வலித்ததா என்று நான் யாரைக் கேட்பது?