கல்யாணத்துக்குக் கட்டிய தங்க வாட்ச்

எங்கள் சபையில் பெண்கள் தங்கம் போடுவதில்லை. ஞானஸ்நானம் எடுத்த அன்றே அம்மா கம்மலைக் கழற்றிவிட்டாள். எனக்குக் காதே குத்தவில்லை. தாலியும் கிடையாது. ஆனால் எங்கள் ஊரில் கல்யாணப் பெண் என்றால் கழுத்து நிறைய இருக்க வேண்டும். கருங்கல் சந்தைக்கு மீன் வாங்கப் போனால்கூட யார் வீட்டில் எத்தனை பவுன் என்றுதான் பேச்சு. சுனாமிக்கு மறு வருஷம் எனக்குக் கல்யாணம் நிச்சயமானதும், சபைக்கு வராத என் மாமி, அப்பாவின் அக்கா, மூக்கைச் சிந்த ஆரம்பித்துவிட்டாள்.

“கழுத்து மொட்டையா எப்பிடிட்டி ஆளுவ முன்னால நிப்பே?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நின்று காட்டுகிறேன் பார் என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது. உள்ளுக்குள் எனக்கும் ஆசை இருந்தது, அதை எதற்கு மறைக்க?

அப்பா தோஹாவில் டிரைவர். லீவுக்கு வந்தபோது சட்டைப் பையிலிருந்து ஒரு வாட்சை எடுத்தார். அங்கே பழைய சாமான் விற்கும் கடையில் வாங்கியது. தங்கச் சங்கிலி, நகம் அளவு முகம், அதைச் சுற்றிப் பொடி வைரம். பாட்டரி கிடையாது, தினமும் சாவி கொடுக்க வேண்டும். நம் நகைக்கடைகளின் மஞ்சள் பளபளப்பு இல்லை. வெளுத்த, அடக்கமான தங்கம். எந்தச் சீமாட்டி கையில் கிடந்ததோ, என் கைக்கு அளவெடுத்ததுபோல இருந்தது. வாட்ச் நகையில்லையே, நேரம் பார்க்கும் சாமான்தானே!

அப்பா முன்கூட்டியே கொண்டுபோய்க் காட்டியபோது, பாஸ்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வைரத்தைப் பார்த்துவிட்டு அப்பாவைப் பார்த்தார். “ஓடினா வாச்சு. ஓடலேன்னா நகை. நகையோட வந்தா நான் கல்யாணம் நடத்த மாட்டேன்.”

கல்யாணத்தன்று சபை நிறைந்திருந்தது. வெள்ளைப் புடவையில் போய் நின்றேன். மாமி முதல் வரிசையில், இரண்டடுக்குத் தங்க மாலையோடு. எல்லார் கண்ணும் என் மணிக்கட்டில். எனக்கு இருந்த கர்வத்துக்கு அளவே இல்லை. பாஸ்டர் குனிந்து, மணி என்ன என்று மெதுவாகக் கேட்டார். பார்த்தேன். வாட்ச் நின்றிருந்தது. காலைப் பரபரப்பில் சாவி கொடுக்க மறந்துவிட்டேன்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஏதாவது சொல்லியிருக்கலாம். பொய்யில் கல்யாணத்தைத் தொடங்க மனம் வரவில்லை. நின்றுவிட்டது என்றேன். கொக்கியை நானே கழற்றி, பக்கத்தில் நின்ற அப்பாவிடம் நீட்டினேன். மாமி தலையில் கை வைத்தாள். வெறும் கையோடும் நான் நிமிர்ந்துதான் நின்றேன்.

அப்பா அதைப் பையில் போடவில்லை. அத்தனை பேர் முன்னால் நிதானமாகச் சாவி கொடுத்தார். பாஸ்டரின் கையில் கட்டியிருந்த வாட்சை எட்டிப் பார்த்து, அதன்படி முள்ளைத் திருத்தினார். காதில் வைத்துக் கேட்டார். பிறகு என் கையைப் பிடித்து மாட்டிவிட்டார்.

“இப்பம் கேளுங்க ஐயா.”

பாஸ்டர் மறுபடியும் கேட்டார். கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி நான் மணி சொன்னேன்.