செம்பாக்கத்தில் செல்லாத கையெழுத்து

எங்கள் கோகிலவாணி அக்காவுக்குப் பதற்றம் வந்தால் சிரிப்பு வந்துவிடும். பெண் பார்க்க வந்த அன்று காபித் தட்டோடு நின்று சிரித்ததில் ஒரு டம்ளர் காபி மாப்பிள்ளை சக்திவேலின் மடியில் போய்விட்டது. அவரும் சேர்ந்து சிரித்ததால்தான் கல்யாணம் நடந்தது. அக்காவுக்குத் தாம்பரம் ஸ்டேஷனில் ரிசர்வேஷன் கவுண்டர் வேலை. அங்கே மட்டும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்வார். பகலெல்லாம் அடக்கியதைச் சாயங்காலம் செம்பாக்கத்தில் எங்கள் குடியிருப்புக்குள் நுழைந்ததும் அவிழ்த்துவிடுவார். அவர் மூன்றாவது மாடியில் சிரித்தால் கீழே வாட்ச்மேன் நிமிர்ந்து பார்ப்பார்.

குடியிருப்பின் ஆண்டு விழாவில் தம்போலா நடத்துவது, அதாவது எண்களைக் கூப்பிட்டுச் சீட்டில் அடிக்க வைப்பது, எப்போதும் அக்காதான். இந்தத் தடவை துணிப்பைக்குள் கைவிட்டு எண் எடுக்க வேண்டாம் என்று முடிவு செய்து, தன் லேப்டாப்பிலேயே எல்லாம் தயார் செய்திருந்தார். ஒரு பொத்தானை அழுத்தினால் திரையில் எண் வரும். கூடவே எங்களில் யாரையாவது கேலி செய்யும் படமும் வரும். எட்டுக்கு, செயலாளர் ஸ்ரீரங்கன் சாரின் மூக்குக்கண்ணாடியை நிமிர்த்தி வைத்த படம். பதினொன்றுக்கு, நாகலக்ஷ்மி மாமி கையில் இரண்டு முருங்கைக்காய். இதற்காகவே அக்கா ஒரு மாதமாக எங்களைத் துரத்தித் துரத்திப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கார்களையெல்லாம் தெருவில் நிறுத்திவிட்டு, பார்க்கிங்கில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். பஜ்ஜித் தட்டு சுற்றி வந்தது. எல்லார் கையிலும் தம்போலா சீட்டு. லேப்டாப்பை புரொஜெக்டரில் இணைத்தார்கள். குழந்தைகள் டான்ஸுக்கான பாட்டு இருந்த பென்டிரைவை சக்திவேல் லேப்டாப்பின் பின்பக்கம் செருகினார். அக்கா பவர் பட்டனை அழுத்தினார்.

பெரிய திரையில் ஒரு சிவப்புப் பெட்டி வந்தது. 'செக்யூர் பூட் வயலேஷன். இன்வாலிட் சிக்னேச்சர்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

அக்கா அணைத்துவிட்டு மறுபடி போட்டார். அதே சிவப்பு. மூன்றாவது தடவையும் அதே.

"சிக்னேச்சரா? எது செல்லாது?" ஸ்ரீரங்கன் சார் முதல் வரிசையிலிருந்து எழுந்துவிட்டார். "ஸ்பீக்கர் பெர்மிஷன், பந்தல் பெர்மிஷன், எல்லாத்துலயும் நான் கையெழுத்து போட்டாச்சே!"

"சார், அது லேப்டாப்போட..." என்று ஆரம்பித்த அக்காவுக்கு அதற்கு மேல் பேச்சு வரவில்லை. தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது.

"வேணும்னா இன்னொரு தடவை போட்டுத் தரேன். பேனா யார்கிட்ட இருக்கு?" என்றார் சார்.

அவ்வளவுதான். அக்கா மேஜையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். மைக் ஆனில் இருந்தது. அவருடைய சிரிப்பு ஸ்பீக்கர் வழியாகத் தெருவுக்கே கேட்டது. நாகலக்ஷ்மி மாமிக்குத் தொற்றியது, அங்கிருந்து குழந்தைகளுக்கு.

சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் மிருதுளா உதவிக்கு ஓடிவந்தாள். "அக்கா, சிரிக்காம சொல்லுங்க. செக்யூர் பூட்ங்கறது தெரியாத சாஃப்ட்வேரை உள்ளே விடாத காவல். செட்டிங்ஸ்ல போய் அதை ஆஃப் பண்ணிப் பார்க்கலாம். ஆனா அப்புறம் உள்ளே போக ரிக்கவரி கீ கேட்டாலும் கேக்கும். நீளமா ஒரு நம்பர். வச்சிருக்கீங்களா?"

"இருக்கு."

"எங்க?"

"பத்திரமா இருக்கு. எங்கேன்னுதான் தெரியல." அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்தத் தடவை மிருதுளாவும் சிரித்துவிட்டாள். "அப்போ அதைத் தொடவே வேண்டாம்" என்று கையை எடுத்தாள்.

சக்திவேல் கடிகாரத்தைப் பார்த்தார். மேக்கப் போட்ட குழந்தைகள் அரிக்கிறது என்று முகத்தைத் தேய்க்க ஆரம்பித்திருந்தார்கள். "டான்ஸை முதல்ல விட்டுடலாம், கோகிலா. இதை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பென்டிரைவை உருவி ஸ்பீக்கர் பெட்டியில் செருகினார். பாட்டு வந்தது. குழந்தைகள் ஆடினார்கள்.

அக்காவின் கை சும்மா இருக்கவில்லை. இன்னொரு தடவை பட்டனை அழுத்தினார். சிவப்பு வரவில்லை. லேப்டாப் சமர்த்தாகத் திறந்து, அக்கா முகப்பில் வைத்திருந்த, சக்திவேல் வாயைத் திறந்துகொண்டு சோபாவில் தூங்கும் படத்தை, ஆடும் குழந்தைகளின் தலைக்கு மேல் பத்தடி உயரத்துக்குக் காட்டியது. கூட்டம் விசிலடித்தது. குழந்தைகள் தங்களுக்குத்தான் என்று இன்னும் வேகமாக ஆடினார்கள்.

"அண்ணா, அந்த பென்டிரைவ்ல பாட்டு மட்டும்தானா?" என்று கேட்டாள் மிருதுளா.

சக்திவேல் தலையைச் சொறிந்தார். "போன வருஷம் பழைய கம்ப்யூட்டர்ல லினக்ஸ் போடறதுக்கு அதைத்தான் ரெடி பண்ணினேன். அழிக்கல. பாட்டை அதுமேலேயே காப்பி பண்ணிட்டேன்."

"அதான் விஷயம்! லேப்டாப் முதல்ல பென்டிரைவ்லேர்ந்து கிளம்பப் பார்த்திருக்கு. அதுல இருக்கற பழைய லினக்ஸோட கையெழுத்து செல்லாதுன்னு நிறுத்தியிருக்கு. லேப்டாப் மேல தப்பே இல்ல. அது ரொம்ப உஷாரா இருந்திருக்கு."

"அப்போ என் கையெழுத்து?" என்றார் ஸ்ரீரங்கன் சார்.

"உங்களோடது செல்லும் சார்" என்று சொல்லிவிட்டு, அக்கா மைக்கை எடுத்தார்.

அன்றைக்கு அவர் தம்போலா நடத்தினார் என்று சொல்ல முடியாது. முதல் எண்ணே எட்டு வந்தது. மூக்குக்கண்ணாடியைப் பார்த்ததும் அவருக்கு வார்த்தை நின்றுபோனது. நாங்களே "எட்டு!" என்று கத்தினோம். பிறகு ஒவ்வொரு படத்துக்கும் அப்படித்தான். அவர் சிரிப்பார், நாங்கள் எண்ணைக் கத்துவோம். தாளம் போடுவது போல அவர் தொடையைத் தட்டிக்கொண்டிருந்தார். சீட்டின் எல்லா எண்ணையும் அடித்து முடிக்கும் ஃபுல் ஹவுஸ் நாகலக்ஷ்மி மாமிக்கு விழுந்தபோது, மாமி நாற்காலி மேலேயே ஏறி நின்றுவிட்டார்.

ஒரு ஆட்டத்தோடு முடிக்க வேண்டும், மணி ஆகிறது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தவர் ஸ்ரீரங்கன் சார். அவரே எழுந்து முன்னால் வந்து மைக்கை வாங்கினார்.

"இன்னொரு ரவுண்ட் போடும்மா" என்றார். "எனக்கு ஒரு நம்பர்தான் பாக்கி இருந்தது."