ஆடி வெள்ளியன்று அடித்த பெரட்டுத் தப்பு

ஆடி மாதக் கடைசி வெள்ளி. மாலை நாலே கால். பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டு வெளியே வந்தேன். எதிர்மலையைக் காணவில்லை. பனிமூட்டம் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக் கூரைகள் வரை இறங்கிவிட்டது. அம்மனுக்குப் பூப்பறிக்கத் தாத்தாவுடன் காட்டோரம் போன என் மகள் செல்வி இன்னும் வரவில்லை.

பல வருடம் விரதமிருந்து பெற்ற ஒரே பிள்ளை. ஏழு வயது. அவள் தாத்தா, அதாவது என் மாமனார், யுத்தத்தில் எகிப்து வரை போய் வந்தவர். அங்கே குண்டு வெடித்ததில் ஒரு காது போயிற்று. மறு காதும் அரைகுறைதான். காட்டோரத்துக்குக் கீழே அருவிப் பள்ளம். முந்தின வருடம் ஒரு மாடு விழுந்து செத்த இடம்.

என் கணவரும் லயத்து ஆட்களும் லாந்தர்களோடு ஏறினார்கள். இருட்டுமுன்பே திரும்பிவிட்டார்கள்.

"கைய நீட்டினா கை தெரியல. கூப்பிட்டா தண்ணிச் சத்தந்தான் கேக்குது" என்றார் கணவர். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

கோயிலுக்கு ஓடினேன். தெரிந்த பாட்டு ஒன்றும் வாயில் வரவில்லை. "தாயே, அவங்களுக்கு வழி காட்டு." அது ஒன்றுதான் வந்தது.

அப்போது பூசைக்குத் தப்படிக்க வந்த முத்தையா அண்ணன், வாசலில் தப்பின் தோலை நெருப்பில் காய்ச்சி, ஒருமுறை தட்டிப் பார்த்தார். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

விடியுமுன் ஆட்களைப் பெரட்டுக்கு அழைப்பதும் அந்தத் தப்புதான். அங்கே வரிசையில் நிறுத்திப் பேர் போட்டால்தான் அன்றைய சம்பளம். வேலையை விட்டு வருடங்களாகியும், அந்தச் சத்தம் கேட்டால் மாமா எழுந்து விறைப்பாக நிற்பார். பேச்சு எட்டாத காதுக்கும் தப்பு எட்டும். "சிப்பாய்த் தாத்தாவுக்கு இன்னும் பெரட்டு முடியல" என்று லயமே கேலி செய்யும்.

"அண்ணே, பெரட்டுக்கு அடிக்கிறத அடிங்க. நிறுத்தாம அடிங்க."

"பொழுது சாயிற நேரத்துல அடிச்சா எழவுன்னு நெனப்பாங்க, டீச்சரம்மா!"

"எழவுக்கு அடிக்க வேணாம்னுதாண்ணே இப்ப அடிக்கச் சொல்றேன்."

அவர் தப்பை எடுத்தார். அடித்தார். "யாரு போயிட்டா?" என்று பெண்கள் ஓடிவந்தார்கள். நான் அம்மன் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மாமா இப்போது இல்லை; போன மாசியில் கண்மூடினார். மாமியார் இறந்தபின் மூன்று பிள்ளைகளையும் தானே சமைத்துப் போட்டு ஆளாக்கியவர். யுத்தத்திலிருந்து கொண்டுவந்த கம்பளிக் கோட்டை அவர்களுக்குப் போர்த்திவிட்டுக் குளிரில் படுத்தவர். இன்றும் பனி இறங்கினால் நான் செல்வியைத் தேடி ஓடுகிறேன். பயம் விடவில்லை. ஆனால் பயத்தோடு போய் நிற்க ஓர் இடம் இருக்கிறது. கோயிலில் கூடும் உங்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். வழி தெரியாதபோது அம்மனைக் கூப்பிடுங்கள்.

அன்று முத்தையா அண்ணனின் கை ஓயுமுன் பனிக்குள் ஓர் உருவம் அசைந்தது. செல்வியைக் கோட்டுக்குள் சுருட்டித் தோளில் போட்டபடி மாமா வந்தார். அவர் கால்களில் அட்டை கடித்த ரத்தம். பிள்ளை காலில் ஒரு கடிகூட இல்லை. தப்புக்கு எதிரே விறைப்பாக நின்றார்.

"ரெண்டு பேரு வந்திருக்கோம். பேரு போட்டுக்கங்க."