அண்ணன் குடித்தது

சேலத்து டாக்டரின் மேஜைமேல் அண்ணனின் ரத்தப் பரிசோதனைக் காகிதம் கிடந்தது. எழுபதுகளின் தொடக்கம், சாராயக் கடைகள் திறந்திருந்த காலம். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து மஞ்சவாடிக் கணவாய் வழியாக அப்பா, அண்ணன், நான் மூவரும் பஸ்ஸில் வந்திருந்தோம். டாக்டரைப் பார்ப்பதும் எனக்குக் கூறைப்புடவை எடுப்பதும் ஒரே நாளில் முடியட்டும் என்பது அப்பாவின் ஏற்பாடு. அண்ணனுக்குச் சில வாரங்களாகச் சோறு இறங்கவில்லை. புளி மூட்டையைத் தனியாளாக வண்டியில் ஏற்றுகிறவன், வாசற்படி ஏறவே மூச்சு வாங்கினான்.

டாக்டர் காகிதத்தில் இரண்டு எண்களை வட்டமிட்டார். எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்று ஏதோ பெயர் சொன்னார். "இருக்க வேண்டியதவிடப் பல மடங்கு இருக்கு. கல்லீரல் கெட்டுக்கிட்டு வருது. குடிப்பியாப்பா?" அண்ணன் அப்பாவைப் பார்த்தான். அவன் வாய் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்: "சேர்க்கை சரியில்லைங்க. வயசுப் பையன். இனிமே தொடாம நான் பாத்துக்கறேங்க." அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். டாக்டர் வேறெதுவும் கேட்கவில்லை. அங்கிருந்து நேராகப் புடவைக் கடைக்குப் போனோம். அப்பா அரக்குநிறப் பட்டு எடுத்தார். அண்ணன் கடை வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். குடிகாரன் என்று எண்ணி, திரும்பும் வழியெல்லாம் நான் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

தை மாதம் கல்யாணம் நடந்தது. அதற்குள் அவன் கண்ணெல்லாம் மஞ்சள் பூத்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் படாமல் அவனைப் புளிக் கிடங்கில் இருக்கச் சொல்லிவிட்டார் அப்பா. கேட்டவர்களுக்கெல்லாம், "குடிச்சிட்டு எங்கயாச்சும் கெடப்பான்" என்று அவரே சொன்னார். தாலி கட்டும்போது எனக்குப் பின்னால் அண்ணன் என்று நிற்க ஆளில்லை.

மறுவீட்டுக்கு வந்தபோது அவன் பாயோடு பாயாகக் கிடந்தான். வயிறு மட்டும் உப்பியிருந்தது. "ஏண்ணா இப்படிக் குடிச்ச?" என்று அழுதேன். "நான் குடிச்சதெல்லாம் மாத்திர முழுங்கின தண்ணிதான் தங்கச்சி" என்றான். பிறகு மெல்ல மெல்லச் சொன்னான். பல மாதங்களுக்கு முன்பே சளியில் ரத்தம் வந்திருக்கிறது. காசநோய். புளி விற்கப் போவதாகச் சொல்லிவிட்டுத் தர்மபுரிக்குப் போய் மாத்திரை வாங்கி வந்திருக்கிறான். ஒருநாளும் விடக்கூடாது என்று அங்கே சொன்னார்கள். குடியை விடு என்று சேலத்தில் சொன்னார்கள். இல்லாத குடியை எப்படி விடுவான்? மாத்திரையை விடவில்லை. சோறே உள்ளே நிற்காமல் போன பிறகுதான் அதுவும் நின்றது.

"டி.பி. வூடுன்னு தெரிஞ்சா உன் தங்கச்சிய எவன் கட்டுவான்?" என்று சேலம் போகும் முன்பே அப்பா கேட்டாராம். அம்மா இல்லாமல் வளர்ந்த பெண் நான். அந்த ஒரு கேள்விக்காகத்தான் டாக்டர் முன்னால் அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் ஓங்கி அழுதபோது அப்பா கதவருகே வந்து நின்றார். "சத்தம் போடாத. மாப்பிள்ள வெளிய உக்காந்திருக்காரு" என்றார். பங்குனியில் அண்ணன் போய்ச் சேர்ந்தான். அப்பா தன் கடைசிக் காலம் வரை, "குடிச்சே அழிஞ்சான்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டாரோ என்னவோ.

போன வருஷம் எனக்கும் அதே பரிசோதனை எடுத்தார்கள். எண்கள் கூடியிருந்தன. டாக்டரம்மா சின்ன வயசுப் பெண். முதல் கேள்வியே, "என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்கம்மா? நாட்டு மருந்து ஏதாச்சும்?" என்பதுதான். குடியைப் பற்றி அல்லவா கேட்பார்கள் என்றேன். "அதையும் கேப்போம்மா. கல்லீரலுக்கு அடிபட்டிருக்குன்னுதான் இந்த நம்பர் சொல்லும். எது அடிச்சதுன்னு நாமதான் தேடணும்." காசநோய் மாத்திரையாலும் இப்படி ஆகுமா என்று கேட்டேன். ஆகும், சிலருக்கு ஆகும், உடனே நிறுத்திவிட்டு வேறு மருந்து பார்ப்போம், பெரும்பாலும் சரியாகிவிடும் என்றாள். மிகச் சாதாரணமாகச் சொன்னாள். அதற்கு மேல் அவள் பேசியது எதுவும் என் காதில் விழவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குடித்துக் கெட்ட மாமன் கதையைச் சொல்லித்தான் எங்கள் பிள்ளைகளை அவர் மிரட்டி வளர்த்தார். பொறுமையாகக் கேட்டார். "உங்கப்பா வெவரமான ஆளுதான். அப்பவே தெரிஞ்சிருந்தா எங்க வூட்ல ஒத்துக்கிட்டிருக்க மாட்டாங்க" என்றார். பிறகு சோறு போடச் சொன்னார். போட்டேன்.