பின்னோக்கிப் போன ஆறு நாட்கள்

எங்கள் மீனவர் சங்க அலுவலகத்தில் இருந்தது ஒரே ஒரு பழைய சர்வர். கட்டற்ற மென்பொருள் ஒன்றின் துணையோடு அதற்குள் இரண்டு மெய்நிகர் கணினிகளை ஓட விட்டிருந்தேன். ஒன்று ஃபயர்வால், இணையத்திலிருந்து வருவதைச் சலித்து உள்ளே அனுப்புவது. மற்றதில் ஊரின் பாடுப் பட்டியல் இருந்தது. ஏரி முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இடங்களில் யார், எந்த நாளில் வலை கட்டலாம் என்று குலுக்கி ஒதுக்கும் முறையைத்தான் பாடு என்கிறோம். முன்பொரு முறை எவனோ இணையம் வழியே புகுந்து பட்டியலைப் பூட்டிவிட்டுப் போனான். தனிப் பெட்டியாக விற்கும் ஃபயர்வால் எங்களுக்குக் கட்டுப்படியாகாது என்பதால் இந்த ஏற்பாட்டை நானே செய்தேன். கூடவே, நோட்டுப் புத்தகம் வேண்டாம், பட்டியலில் உள்ளதே முடிவு என்று சங்கத்தைச் சம்மதிக்கவும் வைத்தேன்.

ஃபயர்வாலைப் புதுப்பிக்க எண்ணி ஒரு ஞாயிறன்று இரண்டு கணினிகளுக்கும் ஸ்நாப்ஷாட், அதாவது அப்போதைய நிலையின் நகல், எடுத்தேன். வேலை கெட்டுப்போனால் அந்த நிலைக்கே திரும்பிவிடலாம். அன்று மாலையே காய்ச்சலில் படுத்துவிட்டேன்.

காய்ச்சல் விட்டு நான் வேலைக்குத் திரும்பிய வியாழக்கிழமை, இரு நண்பர்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். ஒருவருக்கு இதய அறுவை சிகிச்சை நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன் ஒருமுறை வலை கட்டிவிட ஆசை. மற்றவர் தன் அமாவாசைப் பாட்டை அவருக்கு விட்டுக்கொடுத்து, பௌர்ணமிக்குப் பிந்திய அவருடைய நாளை எடுத்துக்கொண்டார். சொன்னபடியே பதிந்தேன். மறுநாளே அமாவாசை.

சனிக்கிழமை புதுப்பித்தபோது ஃபயர்வால் எழவே இல்லை. புது ஸ்நாப்ஷாட் எடுக்காமல் பழையதையே நம்பியிருந்தேன். அதைவிடப் பெரிய பிழை, பதற்றத்தில் ஃபயர்வாலோடு பட்டியல் கணினியையும் சேர்த்து ஞாயிறு நிலைக்குத் திருப்பிவிட்டது. இணையம் வந்தது, நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். வியாழக்கிழமை பதிந்தது அழிந்துபோனது எனக்கு உறைக்கவில்லை.

பௌர்ணமி கழிந்து, அமாவாசையை விட்டுக்கொடுத்தவர் தன் புது நாளில் வலையோடு போனபோது அந்த இடத்தில் நோயாளி நண்பரின் மகன் ஏற்கெனவே கழி ஊன்றிக்கொண்டிருந்தான். இருவரும் அலுவலகத்துக்கு வந்தார்கள்.

"அமாவாசைக்கு இவரு சும்மா வுட்டுக்குடுத்தாருன்னுதான் நெனச்சேன், நைனா என்னாண்ட ஒண்ணும் சொல்லல. ஐசியூல கீறாரு, யாரப் போய்க் கேக்கறது? கதவுல ஒட்டுன லிஸ்ட்ல அவரு பேருதான் கீது" என்றான் மகன். அவன் சொன்னதில் பொய் இல்லை.

"பொட்டி பொய் சொல்லாது. மனுசனுக்குத்தான் இறால் சீசன்ல எல்லாம் மறந்துபூடும்" என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, சிலர் சிரித்தார்கள். விட்டுக்கொடுத்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சங்கத் தலைவர் என்னிடம் கேட்டார். "இன்னாம்மா, மாத்தம் எதுனா பதிஞ்சிருக்கா?"

திரையில் அந்தச் சனிக்கிழமையின் பதிவு தெரிந்தது: இரண்டு கணினிகளும் திருப்பப்பட்டன என்ற வரி. எல்லாம் புரிந்துவிட்டது. சொன்னால் பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி நோட்டுக்குப் போவார்கள் என்று பயந்தேன்.

"லிஸ்ட்ல மாத்தம் இல்லண்ணா" என்றேன்.

ஒவ்வொரு சொல்லும் உண்மை. விட்டுக்கொடுத்தவர் என்னைப் பார்த்தார். வியாழக்கிழமை என் எதிரில் நின்று சொன்னவர், அப்போதும் என்னைச் சாட்சிக்கு இழுக்கவில்லை. வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். அடுத்த மூன்று வாரமும் ஊர் அவரை, நோயாளியின் நாளைப் பறிக்கப் பார்த்தவர் என்றே பேசியது.

நண்பர் பிழைத்து வந்து, மாற்றிக்கொண்டது உண்மைதான் என்றார். அன்றுதான் எனக்குத் தைரியம் வந்தது. தைரியம் என்று அதைச் சொல்லலாமென்றால். விட்டுக்கொடுத்தவர் தன் வீட்டு வாசலில் வலையில் சிக்கிய பாசியை உதறிக்கொண்டிருந்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா எனக்குப் பிரயோஜனம், பாப்பா" என்றார். "இப்ப சொல்றது உனக்குத்தான்."

சங்கத்திலும் சொன்னேன். பெட்டியை யாரும் தூக்கி எறியவில்லை. பட்டியலை நோட்டிலும் ஒரு பிரதி எழுதி வைக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். அடுத்த சுற்றில் அவருக்கு ஒரு நாள் கூடுதலாகக் கொடுக்க முன்வந்தார்கள். தன் முறை வரும்போது வரட்டும் என்றுவிட்டார்.

அதன்பின் எத்தனையோ பேர் தங்கள் நாளை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அனைத்தையும் நான்தான் பதிகிறேன். அவர் மட்டும் இன்றுவரை யாருக்கும் தன் பாட்டை விட்டுக்கொடுக்கவில்லை. யாரிடமும் கேட்கவுமில்லை.