சேலை மேல் ஏறிய பத்திரிகை

யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷங்களில் சேலத்தில் ஓவியக் கலைக்கென்றே ஒரு மாதப் பத்திரிகை வந்தது. நடத்தியவர் ஒரு டிராயிங் மாஸ்டர். கட்டுரைகள் முழுக்க என்னுடையவை. யார் படித்தார்கள் என்று கேட்டால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

இதழுக்கு ஒரு வண்ணப்படம் மாஸ்டரே வரைவார். அது சென்னையில் தனியாக அச்சாகி வரும். மேல் விளிம்பில் மட்டும் பசை தடவி, முதல் பக்கத்தில் நாங்களே ஒட்டுவோம். உயர்ந்த கலைப் பத்திரிகைகளில் அப்படித்தான் என்பது மாஸ்டரின் கட்சி.

சந்தாதாரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். என் மாமனாரும் சந்தாவை நிறுத்திவிட்டார். இன்னும் ஓர் இதழ், அதற்குமேல் மிஷின் கல்யாணப் பத்திரிகைகளுக்குத்தான் என்று அச்சகக்காரர் சொல்லிவிட்டார். மாஸ்டர் சோற்றில் கை வைப்பதில்லை என்று அவர் மனைவி என்னிடம் வந்து சண்டை பிடித்தார், என்னவோ நான்தான் அவர் வீட்டு ரசத்துக்கு உப்புப் போடாத மாதிரி.

அந்தச் சமயத்தில்தான் செவ்வாய்ப்பேட்டை ஜவுளி வியாபாரி ஒருவர் மாதம் நூறு பிரதி வேண்டுமென்று ஆள் அனுப்பினார். அச்சகக்காரர் வழிக்கு வந்தார்; முதல் நூறு பிரதி கடைக்குப் போயிற்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜவுளிக்காரர்களின் கலையுணர்ச்சியைப் புகழ்ந்து அடுத்த இதழில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினேன்.

அந்த இதழை நேரிலேயே கொடுத்து நன்றி சொல்லப் போனோம். கடையில் சேலை மடிப்பு ஒவ்வொன்றின் மேலும் மாஸ்டரின் படம் இருந்தது. படம் உரித்த பத்திரிகைகள் கல்லாவுக்குப் பின்னால், பொட்டலம் மடிக்க மளிகைக் கடைக்குப் போகக் காத்துக் கிடந்தன.

"வாங்க சாமி, உக்காருங்க" என்றார் வியாபாரி. "படம் வெச்ச சேலைன்னா ஆத்தூர்ச் சந்தையில நிக்கறதில்லீங்க. உரிக்கறதுக்கும் சுளுவா ஒட்டியிருக்கறீங்க. ஏனுங்க, படத்துக்குப் பொறகால எதுக்குங்க அத்தன எழுத்து?"

எனக்கு உச்சந்தலை கொதித்தது. அடுத்த இதழுக்கு நானே மைதாப் பசை காய்ச்சி, படத்தின் முதுகு முழுக்கத் தடவி அழுத்தி ஒட்டினேன். யாரால் உரிக்க முடியும், பார்க்கலாம் என்றேன்.

வியாபாரியாலும் முடியவில்லை. கிழிந்த படங்களோடு வந்து நின்றார். "பத்திரிகை வேண்டாமுங்க. படத்த மட்டும் அடிச்சுக் குடுங்க, எடுத்துக்கறேன்."

மாஸ்டர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. பிறகு நிதானமாக, படத்தின் பின்புறத்தில் கட்டுரை இருக்கும், சம்மதமா என்று கேட்டார்.

"பொறகால என்ன வேணும்னாலும் எழுதிக்குங்க" என்றார் வியாபாரி.

இப்படியாக எங்கள் பத்திரிகை ஒற்றைத் தாளாயிற்று. என் மேதாவிலாசம் முழுவதையும் உள்ளங்கை அகலத்துக்குள் அடக்க வேண்டியிருந்தது. முதலில் பல்லைக் கடித்தேன். பிறகு, சேலை போகிற வீட்டுக்கெல்லாம் என் எழுத்தும் போகிறதே என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

சில காலம் கழித்து வெண்ணந்தூரில் ஒரு கல்யாணத்துக்கு இருவரும் போனோம். குடியானவர் வீடு. உள்ளே நுழைந்தால், சுவரில் எங்கள் படங்கள் வரிசையாக இருந்தன. ஒன்றுகூட விடுபடவில்லை. எங்களிடமே அப்படி ஒரு தொகுப்பு கிடையாது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"சேலையோட வந்த படமுங்க" என்றார் அந்த வீட்டு அம்மாள். "ஒண்ணயும் உடலீங்க. வந்த ஒடனே ஒட்டிப்போடுவமுங்க."

பின்புறத்து எழுத்தைப் படித்தீர்களா என்று கேட்டேன்.

"எழுத்து இருக்குதுங்களா?" என்று அவர் ஆச்சரியப்பட்டார்.

ஓர் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தேன். அசையவில்லை.

"உரியாதுங்க. சோத்தப் பெசஞ்சு முதுகு பூராம் தடவி ஒட்டுனதுங்க."

மாஸ்டர் தன் படங்களை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்து முடித்துவிட்டு என்னிடம் திரும்பினார். "பசை விஷயத்தில் இவர்களும் உம்முடைய கட்சிதான்" என்றார்.

அன்று பந்தியில் அவர் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு மட்டும் ரசத்தில் உப்பு இல்லை.